மன்னார்குடிச் சந்தை விலையும் பாக்கியத்தின் பையும்

காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். மளிகைச் சாமான் கொடுத்த காசுக்குப் பெறுமா என்று பார்த்துச் சென்னைப் பத்திரிகை ஒன்றில் எழுதுவது என் பிழைப்பு. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் மளிகைக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். மன்னார்குடியிலும் தெப்பக்குளத்தை ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. துவரம்பருப்பு கிலோ இரண்டு ரூபாய், புளி இரண்டு ரூபாய் நாற்பது காசு. பட்டணத்தைவிட மலிவுதான், கல்லும் மண்ணும் இலவசம்.

பதினொரு மணிக்குக் கூத்தாநல்லூர் பஸ். பக்கத்து இருக்கையில் மடியில் துணிப்பையோடு ஒரு பெண். பெயர் பாக்கியம், வயல்வேலை செய்பவர்.

“கடையில பருப்பைக் கடிச்சுப் பாத்தீங்களே, இதையும் கொஞ்சம் பாருங்க ஐயா” என்று பையை நீட்டினார்.

அறுவடைக் கூலியில் நாளுக்கு அரைப் படி நெல் கூட்டிக் கேட்டது அவர்களுடைய சங்கம். மிராசுதாரின் காரியஸ்தர், நெல் கூட்ட முடியாது, வாரம் ஒரு பை மளிகை தருகிறோம் என்று சொல்லி, மாதிரிக்கு வீட்டுக்கு ஒரு பை அனுப்பியிருந்தார். எது வேண்டும் என்று அன்று சாயங்காலம் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பை என்ன விலை பெறும் என்று கேட்கத்தான் மன்னார்குடி போயிருந்தார் பாக்கியம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிரித்துப் பார்த்தேன். துவரம்பருப்பில் பாதி, கலப்படத்துக்குப் போடும் மலிவான கேசரிப்பருப்பு. புளியில் கொட்டை. சவுக்காரம் இரண்டு தடவை துணி துவைத்தால் கரைந்துவிடும். எல்லாம் சேர்ந்து இரண்டு ரூபாய்க்கு மேல் போகாது. கூட்டிக் கேட்ட நெல்லோ, ஆறு நாளைக்கு மூன்று படி, இரண்டரை ரூபாய் பெறும்.

“நெல்லே கேளுங்கம்மா. இது ஏமாத்து” என்றேன்.

“கடைக்காரரும் அதையேதான் சொன்னாரு. ஆனா நான் பையத்தான் கேக்கப் போறேன். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான் நெல்லு அளக்குறாங்க. அவரு சாக்குல விழுந்தா, வழியிலயே சாராயக் கடைக்குப் பாதி போயிடுது. புளியக் கொண்டுபோனா எவன் சாராயம் ஊத்துவான்? பிள்ளைங்க வாயில பருப்பாவது விழும்ல?”

பையைக் கட்டி அவர் மடியில் திருப்பி வைத்தேன்.

தம் ஊர் நிறுத்தத்தில் இறங்கி அவர் ஊருக்குள் போனார். நானும் டீ குடிக்க இறங்கினேன். போன வருஷம் மதுவிலக்கை எடுத்த பிறகு வந்த சாராயக் கடை அங்கேயே இருந்தது. அதை ஒட்டிச் சுண்டல் விற்பவரின் பலகையில் அதே துணிப்பைகள் இரண்டு.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

“நேத்தே வந்துருச்சு சார். பருப்பு, புளி எதுவானாலும் எடுத்துக்குவேன். ஒரு கிளாஸுக்குக் காசு குடுத்துருவேன்.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் வீட்டைத் தேடி வாய்க்கால் கரையோடு நடந்தேன். பாக்கியத்திடம் பார்த்ததைச் சொன்னேன்.

“சவுக்காரத்தயும் எடுத்துக்குறானா?” என்று மட்டும் கேட்டார்.

மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் கூட்டம். பை வேண்டாம், நெல்தான் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். காரியஸ்தரும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். எழுந்திருக்கப் போனவர்களைப் பாக்கியத்தின் குரல் நிறுத்தியது.

“இன்னும் ஒண்ணு இருக்கு. பொம்பளைக் கூலிய பொம்பளை மடியில அளக்கணும். ஆம்பளை சாக்குல கூடாது.”

மிராசுதாருக்கு இதில் ஒரு மணி நெல் கூடச் செலவில்லை. காரியஸ்தர் சும்மா இருந்தார். இத்தனை நேரம் அரைப் படிக்காகத் தொண்டை கிழியக் கத்திய ஆண்கள்தான் எதிர்த்தார்கள். “குடும்பத்தைப் பிரிக்கிறியா?” என்றார் பாக்கியத்தின் கணவர். முடிவெடுக்காமல் கூட்டம் கலைந்தது.

கடைசி பஸ் போய்விட்டதால் டீக்கடைக்காரர் வீட்டில் படுத்தேன். மறுநாள் சாயங்காலம் வரை கிளம்ப மனம் வரவில்லை. களத்தில் கூலி அளந்தார்கள். பாக்கியத்தின் கணவர் சாக்கை விரித்துப் பிடித்தார். அவர் கூலி அதில் விழுந்தது. பாக்கியத்தின் கூலிக்காக அடுத்த படி எழும்பியபோது அவர் சாக்குக்கு முன்னால் வந்து முந்தானையை விரித்தார். அளப்பவர் காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் வேறு பக்கம் பார்த்தார். கணவர், “ஏய், தள்ளு” என்றார். பாக்கியம் நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்து விரித்தார்கள்.

நெல் முந்தானையில் விழுந்தது.

தஞ்சாவூர் பஸ்ஸில் கட்டுரையை எழுத ஆரம்பித்தேன். பையைப் பற்றி எழுதுவது சுலபம்: வாங்கத் தகாதது. நெல்லைப் பற்றி, பையைவிட அரை ரூபாய் அதிகம் பெறும் என்று முதலில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, அதன் விலை யார் மடியில் விழுகிறது என்பதைப் பொறுத்தது என்று எழுதினேன். எங்கள் பத்திரிகையில் இதை விலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.