முழு அதிகாரமும் படித்த கிரேஸ் அக்கா

கிரேஸ் அக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் போஸ்டர் வந்துவிட்டது. "அமைதியும் அடக்கமும் நிறைந்த அருமைச் சகோதரி" என்று போட்டிருக்கிறார்கள்.

அமைதியா? கிரேஸ் அக்காவா?

நான் இங்கே சொந்த விஷயம் எழுதுகிறவள் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் எங்கள் சர்ச்சில் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து வேதம் படிப்பார்கள். சண்டே ஸ்கூல் ரூமில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்துகொண்டு.

ஆரம்பித்தது கிரேஸ் அக்கா. சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் தலையில் பஞ்சோடு நேராக வந்துவிடுவார். படிப்பு எட்டாவது.

நான் அப்போது எம்.ஏ. முதல் வருஷம். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் போனேன். போன முதல் நாளே, எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் திமிராகத்தான்.

"நம்பிக்கை இல்லாட்டிப் பரவால்லீங்க அம்மணி. எழுத்துக் கூட்டாமப் படிக்கத் தெரியுமில்லீங்க? உக்காருங்க."

அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு வசனத்தைப் பற்றிப் பேச வேண்டுமா, அது இருக்கிற அதிகாரம் முழுவதையும் முதலில் சத்தமாகப் படிக்க வேண்டும். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஒருநாள் பாஸ்டரம்மா வந்திருந்தார். நாலாவது வசனத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடவுள் தனக்குச் செய்ததையெல்லாம் சாட்சியாகச் சொல்ல ஆரம்பித்தார். "அம்மா, இன்னும் பதினெட்டு வசனம் இருக்குதுங்க. அழுகறத அப்பறம் பாத்துக்கலாங்க." பாஸ்டரம்மா அப்புறம் வரவே இல்லை...

அடுத்த வருஷம் கிரேஸ் அக்காவின் குழந்தை இறந்துபோனது. மூன்று மாசப் பையன். காய்ச்சல்.

துக்கம் கேட்க வந்த சர்ச் செக்ரெட்டரி, அவர் கையில் ஆறுதல் வசனம் அச்சடித்த ஒரு வாக்குத்தத்த அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்கிற வசனம். கிறிஸ்தவர்கள் நடத்தும் கடைகளிலும் காலண்டர்களிலும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு மாசம் கழித்து, ஒரு வியாழக்கிழமை கிரேஸ் அக்கா அந்த அட்டையோடு வந்தார். "இன்னைக்கு இந்த அதிகாரம். அம்மணி, நீங்க படிங்க."

படித்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனிடம், ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களில் ஒருவன் பேசுகிற பேச்சு அது. அட்டையில் இருக்கிற வசனத்துக்கு மூன்று வசனம் முன்னால் அதே நண்பன், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான தண்டனைதான் இது என்கிற மாதிரிச் சொல்கிறான்.

நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாதீங்க. படிங்க."

படித்து முடித்தேன்.

"என்ற பையனுக்கு மூணு மாசங்க. அது என்ன பாவத்தச் செஞ்சுபோடுச்சு?"

அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைப் புரட்டினேன்... அங்கே கடவுளே அந்த நண்பர்கள் மேல் கோபப்படுகிறார். நீங்கள் பேசியது சரியில்லை என்கிறார்.

கிரேஸ் அக்கா அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அப்புறம் அந்த ஒரு மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அப்ப ஆண்டவரு என்ற பக்கந்தானுங்க."

அதோடு விடவில்லை. சர்ச்சின் பெரிய வாசலுக்கு மேலே அதே வசனத்தைப் பெரிய போர்டாக எழுதி மாட்டுவதாக கமிட்டி முடிவு செய்தபோது, நேராக மீட்டிங்குக்குப் போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

"ஏனுங்க, இது யாரு சொன்னதுன்னு தெரியுங்களா?"

"வேதத்துல இருக்குதில்லம்மா? அப்பறமென்ன?" என்றார் செக்ரெட்டரி.

"சாத்தான் பேசுனதும் வேதத்துலதானுங்க இருக்குது. அதையும் எழுதி மாட்டிப்போடலாங்களா?"

அடுத்த வியாழக்கிழமை சண்டே ஸ்கூல் ரூமில் பூட்டு தொங்கியது. பெண்கள் தனியாக வேதம் படித்தால் குழப்பம் வருமாம்.

குழப்பம் வரட்டும் என்று சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து படித்தோம். முன்பைவிடச் சத்தமாக. மழை வந்தால் கிரேஸ் அக்கா வீட்டுச் சமையலறை. நான் வேலை கிடைத்து ஊரை விட்டுக் கிளம்பும்வரை ஒரு வியாழக்கிழமைகூட நிற்கவில்லை.

போர்டை மாட்டத்தான் மாட்டினார்கள். இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

அதற்குக் கீழே கிரேஸ் அக்கா ஒரு நாளும் நுழைந்ததில்லை. இத்தனை வருஷமும் ஞாயிறு தவறாமல் போனார், பக்கவாசல் வழியாக. மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான்.

இன்று காலை அவர் கணவர் செல்வராஜ் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

"பெட்டி பக்கவாசல்லதான் போகுமுங்க அம்மணி. கமிட்டிகிட்டச் சொல்லிப்போட்டேன்."

"கேட்டீங்களாண்ணா?"

"கேக்குலீங்க. சொன்னேன்."

நாளை மதியம் மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. நான் வருகிறேன்.

கடவுள் இருக்கிறாரா என்று எனக்கு இன்னும் தெரியாது, அக்கா. இருந்தால்... அந்த மூன்று மாசப் பையனைப் பற்றி நேரிலேயே கேட்டுப்போடுங்க. பதில் சொல்லும்வரை உட்காராதீங்க.

போய் வாங்க.