ஒலுவில் பொல்லடியும் சுலோவின் புளூஸ் குழலும்

வெள்ளவத்தையை விட்டு அசைவதென்றாலே எனக்கு அலுப்பு. போன மாசி மாதம் கிழக்குக் கரையில் கல்முனைப் பக்கம் போனதற்கு ஒரே காரணம் சுலோ. காரைதீவில் பிறந்தவள், கொழும்பில் என்னோடு புல்லாங்குழல் படித்தவள். கல்யாணமாகி சிகாகோ போனாள். அங்கே கறுப்பின மக்களின் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குக் குழல் வாசித்து, இப்போது அந்த மக்களின் சோகப் பாட்டான புளூஸையும் நம் ராகங்களையும் சேர்த்து இசையமைக்கிறாள். சேர்த்து என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நானும் சுளித்தவள்தான். சுத்த தன்யாசிக்குள் அவள் புளூஸை இறக்கியதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டேன்.

இம்முறை பொல்லடிக்கென்றே ஒரு பாட்டு அமைத்துக்கொண்டு வந்திருந்தாள். பொல்லடி தெரியாதவர்களுக்கு: இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில், கலியாண வீடுகளில் ஆண்கள் வட்டமாகச் சுற்றிவந்து, கையிலுள்ள குறுந்தடிகளை ஒருவரோடொருவர் அடித்து ஆடுவது. ஆட்டத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஓரடி பாட, மற்றவர்கள் பதில் பாடுவார்கள். சிகாகோத் தேவாலயத்திலும் ஒருவர் பாட சபை இப்படித்தான் பதில் பாடும் என்று சுலோ இரண்டு வருடமாக என் காதைத் தின்றிருக்கிறாள்.

கொழும்பிலிருந்து பகல் பஸ், ஒன்பது மணித்தியாலம், குளிரூட்டியதற்கு 2,800 ரூபாய். காது கிழியும் வீடியோப் பாட்டு இலவசம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை பிடித்தும் பார்த்தேன், ம்ஹூம். காரைதீவில் சுலோவின் சின்னம்மா வீட்டில் தங்கினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் அடுத்தநாள் நிகழ்ச்சிக்கான ஒத்திகைக்கு ஒலுவிலுக்குப் போனோம். நிந்தவூர் தாண்டி ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர், ஓட்டோவுக்கு 1,300 ரூபாய். ரோட்டோரமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடுதான் இங்கே கலியாணங்கள் தொடங்கும் என்றார் ஓட்டோக்காரர்.

அண்ணாவியார் ஹனீபா வயல் செய்கிறவர், ஐம்பது வயதிருக்கும். அவர் வீட்டு முற்றத்தில் எட்டுப் பேர் ஆடினார்கள். முதல் பாதி தேன். கடைசிச் சுற்றில் வந்தது வினை. அங்கே தாளம் இறங்கி, தேவாலயத்தில் கண்ணைத் துடைப்பார்களே அந்த மாதிரி நிதானமாக முடியவேண்டும் என்று சுலோ அமைத்திருந்தாள். ஆனால் பொல்லடியில் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட வேகமாகத்தான் போகும். அவர்கள் பறந்தார்கள், சுலோ நிறுத்தினாள். திரும்பவும் தொடங்கினார்கள், திரும்பவும் பறந்தார்கள்.

ஹனீபா கோபப்படவில்லை. "தங்கச்சி, கடைசிச் சுத்துல மெதுவாக்கினா, கை சோந்து தோத்துட்டாங்க எண்டுதான் ஊரு செல்லும். எங்களுக்கு ஏலா" என்றார்.

"வேகமா முடிச்சா அது என்ட பாட்டே இல்ல, காக்கா" என்றாள் சுலோ. அண்ணனை அங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தேநீர் தந்து அனுப்பினார்கள். பேச்சு முடியவில்லை. திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "நாளைக்குக் கை தட்டுவாங்கடி. எல்லா ஊரிலயும்தான் தட்டுறாங்க. எனக்கு அது போதா. இவங்க இதைத் தங்கட பாட்டா எடுக்கணும்." அப்படியென்றால் ஏனடி இந்தப் பிடிவாதம் என்று ஏசினேன். இரண்டு பக்கமும் சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு திடலில் நிகழ்ச்சி. பொழுதிறங்கும் நேரத்து மஃரிப் தொழுகைக்கு முன் முடித்தாக வேண்டும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம், படகு வேலை முடித்து வந்தவர்கள் பின்னால். கடைசிச் சுற்று வந்தது. தடிகள் ஓடத் தொடங்கின. சுலோ குழலை இறக்கிவிட்டாள். விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

போகவில்லை. குழலை எடுத்து, அதே மெட்டை அதே நிதானத்தில் வாசித்தாள். அவர்களைத் துரத்தவுமில்லை, பிடித்து இழுக்கவுமில்லை. அவர்களின் தடி நாலு அடிக்க, அவளுடைய மெட்டில் ஒரு தாளம் நகர்ந்தது. ஹனீபா நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார், இன்னும் முடுக்கினார். கீழே தடிகள் பறக்க, மேலே அந்த மெட்டு தன்பாட்டில் நடந்துபோனது. அழுதுவிட்டேன், வெட்கமில்லை. பக்கத்திலிருந்த அக்கா ஒருவர், அங்கே ராத்தா, அவ உங்கட ஆளா என்று கேட்டார். ஓம் என்றேன், ஏதோ நானே வாசித்த மாதிரி.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெள்ளி மத்தியானம் தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்கூட்டியே பாருங்கள். உடம்பை மூடி உடுத்துங்கள். தயிர் வாங்காமல் திரும்பாதீர்கள். பொல்லடிக்கு டிக்கெட் விற்கிற இடம் எதுவும் கிடையாது. கலியாண வீட்டுக்கு யாராவது உங்களைக் கூப்பிட வேண்டும்.

சுலோவுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். சனம் கலைந்தபிறகு ஹனீபா எங்களிடம் வந்தார். "வாற வியாழன் மகள்ட கலியாணம். கடைசியா இந்தப் பாட்டத்தான் ஆடப்போறம், இன்ஷா அல்லாஹ். நீங்க இல்லாம எப்பிடி?" என்றார். சுலோ தலையை ஆட்டினாள். ஓட்டோவில் ஏறியதும் முதல் வேலையாக விமானத்தைத் தள்ளிப்போட்டாள். நானும் ஒரு கிழமை கூடுதலாக நின்றேன்.