கீழத்தெருக் கிணற்றுச் சுவர்

நாடாவின் ஒரு முனை அப்பாவின் கையில், மறுமுனை ஆவுடைநாயகத்தின் கையில். நடுவில் கீழத்தெருப் பொதுக்கிணறு. சுவர் இல்லாமல், தரையோடு தரையாக வாயைத் திறந்து கிடந்தது.

“ஏலே, தொய்ய விடாதே. மீனா பிடிக்கப் போறோம்?” என்றார் அப்பா அம்மையப்ப பிள்ளை.

ஆவுடை இழுத்துப் பிடித்து அளவைச் சொன்னான். அவர் மனத்துக்குள் செங்கல் கணக்குப் போட்டார். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அம்மையப்ப பிள்ளை யூனியன் பஞ்சாயத்துக்குச் சில்லறை வேலைகள் எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர். வாய்க்கால் பாலம், பள்ளிக்கூடத்து மதில், சாவடிக் கூரை. அவர் கட்டிய எதுவும் அழகாக இராது; எதுவும் விழுந்ததும் இல்லை. மகனைச் சென்னைக்கு அனுப்பி ஓவர்சியர் படிப்புப் படிக்க வைத்தார். அவன் எதைச் சொன்னாலும், “படிச்சவன் சொல்லுதான், கேட்டுக்கிடுங்க” என்று நாலு பேர் முன்னால் கேலி பேசிவிட்டு, அப்படியே செய்வார். ராகுகால விஷயத்தில் மட்டும் அவன் பேச்சு எடுபடாது.

ஐப்பசி மழையில் தெருச் சாக்கடை முழுவதும் அந்தக் கிணற்றில் இறங்கும். மூன்று வருஷத்துக்கு முன் அப்படி இறங்கிய மாதத்தில்தான் ஆவுடையின் தங்கை கோமு வாந்திபேதியில் போனாள். அதன்பின் யூனியன் கூடும்போதெல்லாம் அப்பா வாசலில் போய் நிற்பார். 1911இல் ஒருவழியாகக் கிணற்றுச் சுவருக்குப் பணம் ஒதுக்கினார்கள். டெண்டர் வெள்ளிக்கிழமை. டெண்டர் பெட்டியைப் பதினொரு மணிக்கு வெளியே வைத்து, பன்னிரண்டேகாலுக்கு மூடுவார்கள். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை.

“கால் மணி நேரம் மிச்சம் இருக்குல்லா, போதும்,” என்றார் அப்பா, நாடாவைச் சுருட்டிக்கொண்டே.

“ஆபீஸ் கடிகாரம் ரயில் மணிப்படி ஓடுதுப்பா. நம்ம ஊர் வெயிலுக்கு அது இருபது நிமிஷம் முந்தி. நீங்க நிழலைப் பாத்துக்கிட்டு நின்னா பெட்டியை மூடிருவாங்க.”

“ரயில் அந்த மணிக்கு ஓடட்டும்லே. ராகு ஓடமாட்டாரு.”

“ஆபீஸ்ல பன்னிரண்டு அடிச்சதும் போட்டிருங்களேன்.”

“கோமுக்காகக் கட்டுத சுவரு. கெட்ட நேரத்துல தொடங்கச் சொல்லுதியா?”

அன்று மாலையே ஆவுடை வேலைக்காக மதுரைக்கு ரயிலேறினான்.

மீதியைக் கிறிஸ்தவரான யூனியன் கிளார்க் வேதநாயகம் பிறகு சொன்னார். அப்பா ஆபீஸ் முற்றத்து வெயிலில் ஒரு குச்சியை நட்டு, நிழல் குறுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். “அண்ணாச்சி, எங்க வேதத்துல ராகு கிடையாது. இங்கன குடுங்க, நான் போடுதேன்” என்று வேதநாயகம் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டிருக்கிறார். “கைதான் உம்ம கை, காரியம் என்னுதுல்லா வே” என்று அப்பா சிரித்திருக்கிறார். வேறு நாளாக இருந்தால் வேதநாயகம் பையத்தான் மூடியிருப்பார். அன்று யூனியன் தலைவரே எதிரில் உட்கார்ந்திருந்தார். நிழல் குறுகி நின்றபோது பெட்டிக்கு அரக்கு வைத்தாகிவிட்டது.

உள்ளே இருந்தது ஒரே ஒரு டெண்டர். மதிப்பீட்டைப்போல் இரண்டு மடங்கு. ஏற்கத்தக்க டெண்டர் வரவில்லை என்று தீர்மானம் எழுதி, அந்தப் பணத்தை டிசம்பரில் வரும் சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழாப் பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் மாற்றினார்கள். “என் கைக்காசுல கட்டுதேன், உத்தரவு மட்டும் தாங்க” என்று அப்பா போய் நின்றார். பொதுக்கிணற்றில் தனி ஆள் கைவைக்கக் கூடாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

ஐப்பசி வந்தது. அவர் மண்வெட்டியோடு போய்க் கிணற்று வாயைச் சுற்றி மண் அணைத்தார். மழை கரைத்தது. மறுபடி அணைத்தார். அதையும் கரைத்தது. வீட்டில் அம்மா பிரம்மநாயகி தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி வைத்திருந்தாள். அவரோ களைப்பில், கிணற்றடியில் யாரோ இறைத்து நீட்டியதை வாங்கிக் குடித்துவிட்டார். அந்த மழைக்குத் தெருவில் வாந்திபேதியில் முதலில் விழுந்தவர் அவர்தான். தந்தி கண்டு ஆவுடை வந்து சேர்ந்தபோது சிதை ஆறியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வண்டிக்காரர் சுடலைமாடன் வாசலில் வந்து நின்றார்.

“பெரியய்யா இல்லையா? அம்பாசமுத்திரத்துக் கொல்லாசாரி சொல்லிவிட்டாரு. கிணத்து உருளை எப்பவோ அடிச்சு முடிஞ்சு கிடக்காம். வந்து எடுத்துக்கிடச் சொன்னாரு.”

டெண்டருக்கு முன்பே அப்பா சொல்லி வைத்திருக்கிறார்.

“நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு,” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

சுவர் எழும்பினால்தான் அதன்மேல் தூண். தூண் இருந்தால்தான் உருளையை மாட்ட முடியும். கிணற்றடியில் இரண்டும் இல்லை. தெருமுனையில், ஆபீஸ் முற்றத்தில் பந்தல்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

பெரியய்யா போய்விட்டார் என்பது சுடலைமாடனுக்கு அப்போதுதான் விளங்கியது. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“அடுத்த நடைக்கு நான் ஏத்திட்டு வரவாய்யா?”

“வேண்டாம்,” என்றான் ஆவுடை. “அங்கனயே கிடக்கட்டும்.”