சோதனைக்குக் கொடுத்த போத்தல்

இன்று வட்டகொடை ஊர்க் கடை முதலாளி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கச் சுகாதார ஐயா வந்தார். தண்ணீர் கெட்டிருந்தால் கிணற்றை மூடிவிடுவார்களாம்.

அவர் நேற்றே தந்துவிட்டுப் போன போத்தலை, அங்கே வீட்டுவேலை செய்யும் நான்தான் நிரப்பி நீட்டினேன். தொட்டதும் அவர் முகம் மாறியது.

"ஏன் சுடுது? காய்ச்சி ஏமாத்தப் பாக்குறீங்களா? கிணத்த இப்பவே மூடிருவேன்!"

முதலாளி என்னை முறைத்தார்.

"யாருடி காய்ச்சச் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. ஐயாமாருக்குப் பச்சத்தண்ணி குடுக்கக்கூடாதுன்னு நாந்தான்..."

ஐயா என்னையே பார்த்தார். பின், தானே கிணற்றில் வாளியை இறக்கி வேறொரு போத்தலை நிரப்பிக்கொண்டார்.

"முடிவு வர்ற வரைக்கும் எல்லாரும் காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அதைத்தானே செய்தேன்? நீங்களே சொல்லுங்கள்.