மாடியில் மட்டும் பெய்த மழை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மாதம். புதுச்சேரியில் குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். அந்த மாதம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் அக்காவின் முகம் ஞாபகத்துக்கு வந்து வெட்கமாகவும் இருக்கிறது.

நான் தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மணிக்கு ஒரு தடவை பத்து மூடியை எடுத்து அளக்க வேண்டும், சராசரி போட வேண்டும், எது எவ்வளவு விலகியிருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். இந்தப் பழக்கம் முற்றிப்போய் வீட்டிலும் தொடங்கிவிட்டேன். தோசையின் விட்டத்தை அளக்கப் போன அன்று என் மனைவி தோசைத் திருப்பியைத் தூக்கிக் காட்டினாள். அதோடு சமையலறையை விட்டுவிட்டு மழைக்கு மாறினேன்.

மொட்டைமாடியில் நானே ஒரு மழைமானி செய்து வைத்தேன். ஒரு பிளாஸ்டிக் புனல், அதன் அடியில் ஒரு பாட்டில். கடல் காற்றில் சாய்ந்துவிடக் கூடாது என்று இரண்டையும் ஒரு மண் தொட்டியில் மணல் போட்டுப் பாதி வரை புதைத்து நிறுத்தினேன். தினமும் காலை எட்டரை மணிக்கு மேலே போய், பாட்டிலில் இருக்கிற தண்ணீரை அளந்து நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுவேன். இப்படி ஐந்து வருடம்.

ஐந்து வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. தை முடிந்ததிலிருந்து ஜூன் பாதி வரை பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஐப்பசி அடைமழை வரை வாரத்துக்கு இரண்டு மழை, ஒவ்வொன்றும் சுமார் ஐந்து மில்லிமீட்டர். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஐந்து வருடமும் அப்படியே. எங்கள் கம்பெனி மூடிகூட இவ்வளவு ஒழுங்காக வந்தது கிடையாது. வானிலை அலுவலகம் வேறு கணக்கு சொன்னது. அது ஊருக்குப் பொதுவான கணக்கு, என்னுடையது என் கையால் அளந்தது என்று தள்ளிவிட்டேன்.

மனைவி மட்டும் அவ்வப்போது சந்தேகம் கிளப்புவாள். "என்னங்க, நேத்து மழையா? கொடியில போட்ட துணியெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சி இருந்துச்சே" என்பாள். நான் மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவன். மழை பெய்ததா என்று கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும், "நீ சீரியல் பாத்துக்கிட்டு இருந்திருப்ப. துணிய எடுத்தப்புறம் பேஞ்சிருக்கும்" என்று வாயை அடைத்துவிடுவேன். ஒரே ஒரு சாட்சியை வைத்து ஐந்து வருடக் கணக்கை மாற்ற முடியுமா?

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. திருக்கனூர் பக்கம் என் அக்காவுக்கு ஒன்றரைக் காணி கொல்லை நிலம் இருக்கிறது. கிணறோ போரோ கிடையாது, மழையை நம்பித்தான் மல்லாட்டை போடுவார்கள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அந்த வருடம் ஜூன் தொடக்கத்தில் ஒரு மழை பெய்து, உழுது போட்டிருந்தார்கள். அடுத்த மழைக்குக் காத்திருப்பதா, இருக்கிற ஈரத்திலேயே விதைப்பதா என்று அக்காவுக்குக் குழப்பம். நான் கலரில் அச்சடித்த வரைபடத்தோடு பஸ் ஏறிப் போய், "ஜூன் பாதிக்கு மேல வாரத்துக்கு ரெண்டு மழை உறுதிக்கா, தைரியமா வெதைங்க" என்றேன்.

"ஒத்த மழைய நம்பி வெதைக்க வேணாம் மச்சான். இன்னொண்ணு பேயட்டும்" என்றார் மாமா.

அக்கா விடவில்லை. "எந்தம்பி அஞ்சு வருசமா அளந்து எழுதி வச்சிருக்கான். நீ என்னைக்காவது ஒரு நாளு மழைய அளந்திருக்கியா?" என்று அவரை மடக்கினாள். என் வரைபடத்தைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விதைக்கு என்று இரண்டு மூட்டை மல்லாட்டை எடுத்து வைத்திருந்தார்கள். மிஷினில் உடைத்தால் பருப்பு அடிபடும் என்று அக்கா ஒரு மூட்டையை நாள் கணக்கில் உட்கார்ந்து கையாலேயே உடைத்து, சொத்தையைப் பொறுக்கிப் போட்டு, நல்ல பருப்பாக எடுத்திருந்தாள். கட்டைவிரல் நகம் தேய்ந்து சிவந்திருந்தது. இரண்டாவது மூட்டையை உடைக்க மாமா விடவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார் என்றே சொல்லலாம். ஜூன் இருபதாம் தேதி பாதிக் கொல்லையில் விதைத்தார்கள். ஒரு வாரத்தில் முளைப்பு அழகாக வந்தது. நான் கம்பெனியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வெயில் அடித்தது பாருங்கள், அப்படி ஒரு வெயில். அக்கா தினமும் போன் செய்தாள்.

"தம்பி, இங்க மேகமே இல்லடா."

"இங்க நேத்து அஞ்சு மில்லிமீட்டர்க்கா. மெதுவா அங்கியும் வரும்."

"பாண்டியிலேர்ந்து திருக்கனூரு வர்றதுக்கு எத்தினி நாளு? பஸ்ஸே ஒரு மணி நேரத்துல வந்துடுதே!"

ஒரு வியாழக்கிழமை மாமா கூப்பிட்டார். அவர் என்னிடம் போனில் அதிகம் பேசுகிறவர் இல்லை. "ஒங்கக்கா கொடத்துல தண்ணி தூக்கியாந்து ஊத்திக்கிட்டு இருக்கா மச்சான். சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பாதிக் கொல்லைக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்ற முடியுமா? மறுநாள் வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். என் மழையை என் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மணி ஆறு ஆனது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்போது கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரர் பூவாளியோடு ஏறி வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் எல்லோரும் பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி முசியே என்றுதான் கூப்பிடுவோம். பாண்டி வெயில் ஒத்துக்கொள்ளாமல் தை கடைசியில் பாரிசில் இருக்கிற மகளிடம் போய்விடுவார், ஜூன் நடுவில்தான் திரும்புவார். மாடியில் அவருடைய ரோஜாத் தொட்டிகள் வரிசையாக இருக்கும்.

சீட்டியடித்துக்கொண்டே ஒவ்வொரு ரோஜாவுக்கும் தண்ணீர் விட்டார். கடைசியாக என் மழைமானியிடம் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டம்ளரை எடுத்து, பூவாளியில் இருந்து நிரப்பி, புனலுக்குள் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவரிடம் ஓடினேன்.

"தம்பி, நீங்க தினம் நோட்டு எடுத்தாந்து பாக்கறீங்களே, இது என்னா செடி? நானும் அஞ்சு வருசமா ஊர்ல இருக்கற வரைக்கும் செவ்வாயும் வெள்ளியும் ஊத்தறேன். மொளைக்கவே மாட்டேங்குதே" என்றார்.

தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடுமாம், அதனால் வாரத்துக்கு இரண்டு தடவை. அவர் ஊரில் இல்லாதபோது செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கார அம்மா, குடித்தனக்காரர் தொட்டி நமக்கெதற்கு என்று அதைத் தொட்டதே இல்லையாம். ஜூன் நடுவில் நான் கண்டுபிடித்த பருவமழை, பாரிசிலிருந்து வந்து இறங்கிய முசியேதான்! விஷயத்தைச் சொன்னதும் பாவம், துடித்துப்போய் "பர்தோன், பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு புனலைக் குனிந்து பார்த்து, "அப்போ இது மொளைக்கவே மொளைக்காதா?" என்றார் வருத்தமாக. துணி எடுக்க வந்த என் மனைவி கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐந்து வருடத்துச் சிரிப்பு அது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அக்காவிடம் போனேன். பயிர் சருகாகிக் கிடந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வரப்பில் உட்கார்ந்து, "அஞ்சு வருசமா ஊத்துனாரா? டம்ளர்லயா?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

அப்போது பக்கத்துக் கொல்லைக்காரம்மா அந்த வழியாக வந்தார். "என்னாடி, மல்லாட்ட இப்டி போயிடுச்சி? ஒந்தம்பி சொல்லித்தானே வெதைச்ச?" என்று கேட்டார். அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"அவன் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. வெததான் சொத்த" என்றாள்.

நகம் தேயத் தேய அவளே உடைத்துப் பொறுக்கிய விதை. நான் அவளுடைய கட்டைவிரலைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆடியில் நல்ல மழை பெய்தது. மாமா காப்பாற்றி வைத்த மூட்டையை அக்காவோடு நானும் உட்கார்ந்து உடைத்தேன், என் நகமும் சிவந்தது. மீதிப் பாதிக் கொல்லையில் அதை விதைத்தார்கள். காய்ந்த பாதியில் காராமணி போட்டார்கள். மாமா இப்போதெல்லாம் ஜூன் பிறந்தால் தவறாமல் போன் செய்து, "மச்சான், ஒங்க வூட்டுக்காரரு பாரிசிலேர்ந்து வந்துட்டாரா? ஏர் ஓட்டலாமா?" என்று கேட்கிறார்.

அக்கா கேட்பது வேறு. அடுத்த வருடமே, எதுவும் நடக்காததுபோல, "தம்பி, எப்ப வெதைக்கலாம்?" என்று கேட்டாள். அவள் கொல்லையிலேயே ஒரு மழைமானி வைத்துக் கொடுத்திருக்கிறேன், அவளே அளந்து எனக்குச் சொல்கிறாள். கம்பெனியில் ஒரு மூடி தப்பாக வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் என் மானத்தைக் காப்பாற்றத் தன் விதையையே சொத்தை என்று சொன்னவள் மறுபடியும் என்னிடம்தான் கேட்கிறாள் என்பதால், இன்றைக்கும் அவள் சொல்கிற எண்ணை நோட்டில் எழுதும் முன்னால், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவளை ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.