ஐந்தாவது மாடியில் விண்ணப்பம்

அப்பா லிஃப்ட் ஓட்டினார். ஆறு மாடி அலுவலகம், முப்பத்தொரு வருடம். அங்கே அவருக்குப் பெயர் ‘ஐஸ் பெட்டி’. யார் ஏறினாலும் தலையில் ஐஸ் வைத்துவிடுவார். அதற்கு ஒரு முறை உண்டு. தரைத்தளத்தில் நலம் விசாரிப்பு, மூன்றாவது மாடிக்குள் ஒரு புகழ்ச்சி, ஐந்தாவது மாடியில் விண்ணப்பம். ஆறில் கதவு திறக்கும்போது காரியம் முடிந்திருக்கும். மகளுக்குப் பள்ளியில் இடம், கல்லூரி விடுதியில் அறை எல்லாமே அந்தப் பெட்டிக்குள் கிடைத்தவை.

மகள் அளவுக்கருவிகளில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்குப் போனாள்.

ஒரு மாலை அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிவந்த ஆங்கிலச் சொல்.

“பாப்பா, வருஷ ரிப்போர்ட்டுல மேனேஜர் என்னைப் பத்தி எழுதியிருக்கார். எவ்ளோ நீளம் பாரு! படி.”

“இன்க்ரேஷியேட்டிங்.”

“கேக்கவே ஜோரா இருக்கே! அப்படின்னா?”

அகராதியைப் பார்த்தாள். “தயவு கிடைக்கணும்னு இனிக்க இனிக்கப் பேசிக் குழையறது. ஆளையும் சொல்லலாம், சிரிப்பையும் சொல்லலாம். பாராட்டா யாரும் சொல்ல மாட்டாங்கப்பா.”

“காக்கா பிடிக்கிறவன்னு எழுதிட்டாரா?”

“அதேதான்.”

கொஞ்சம் மழுப்பியிருக்கலாம். அவளுக்கு அந்தப் பழக்கமில்லை. அப்பா சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். மறுநாளிலிருந்து லிஃப்ட்டில் மாடி எண்ணை மட்டும் சொன்னார்.

எட்டு மாதம் கழித்து, நெஞ்சு வலி என்று வேலையிலிருந்து தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனவர் பெஞ்சிலேயே சரிந்துவிட்டார். மகள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“மூணு மணி நேரம் உக்காந்திருந்தாரும்மா,” என்றார் வாசல் காவலாளி. “முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முன்னாடி விட்டிருப்பேன். மனுஷன் வாயே தொறக்கல.”

உடலை வாங்கப் போனாள். எழுத்தர் தலை நிமிராமல் சொன்னார்: “பெரிய டாக்டர் கையெழுத்து வேணும். அவர் கிளம்பிட்டார். நாளைக்கு வாங்க.”

சட்டம் பேசத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு, ஒரு சிரிப்போடு.

“சாப்பிட்டீங்களாண்ணே?”

எழுத்தர் நிமிர்ந்தார். “எங்கேம்மா? இன்னும் இல்ல.”

“ஒத்த ஆளா இவ்வளவையும் பாக்கறீங்க. வேற யாராவதுன்னா ஓடியிருப்பாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எங்கப்பாவை இன்னொரு நாள் இங்க விட்டுட்டுப் போக முடியலண்ணே. நீங்க மனசு வச்சா நடக்கும்.”

அவர் போனை எடுத்தார். “சார், வாசல் தாண்டிட்டீங்களா?”

கையெழுத்து வந்தது. நன்றி சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தாள். சிரிப்பு மட்டும் முகத்தைவிட்டு இறங்கவில்லை. கன்னம் வலித்தது.