புள்ளி தின்ற பயற்றங்கொழுந்து

பயற்றங்கொடியில் தெளித்த சாணித் தண்ணீர் வெயிலில் காயும்போது எழும் மணம் எங்கேயாவது மூக்கில் பட்டால், வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டமும், அதன் நடுவில் வாய் நிறையக் கொழுந்தோடு நின்று, ஏதேனும் பிழையோ என்று கேட்பதுபோல எங்களைப் பார்த்த புள்ளியும் உடனே நினைவுக்கு வந்துவிடும்.

புள்ளி ஒரு பெண் மான். வன்னியில் விறகு லொறி ஓட்டிய சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, தாய் வெடிபட்டுச் செத்த இடத்தில் தனியே நின்ற குட்டி என்று சொல்லி, அவளைச் சாக்கில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டு, லொறியின் முன்சீட்டில் மகாராணி மாதிரி இருத்திக் கொண்டுவந்தார். அவருக்குக் கலியாணம் ஆகவில்லை. எங்கள் வீடுதான் அவருக்கும் வீடு. திரும்ப லொறியில் ஏறும்போது அம்மாவிடம், "மச்சாள், நான் வருமட்டும் உவளை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. வந்து கேப்பன்" என்றார். "ஓம், ரண்டு பெட்டையளோடை நான் படுறது காணாதெண்டு மூண்டாவதையும் கொண்டந்து விட்டிட்டுப் போறீர்" என்று அம்மா சிரித்தார். அவர் போய்ச் சில கிழமைகளில் சண்டை மூண்டு, வன்னிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

பாதை பூட்டியதும் கடைகள் வெறுமையாகின. அம்மாவின் தோட்டத்தில் காய்த்த பயற்றங்காயும் கத்தரிக்காயும்தான் அக்காவுக்கும் எனக்கும் கறி. புள்ளிக்கும் அதே தோட்டம்தான் பிடித்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் பயிரை மேய்ந்துவிட்டு, பொச்சம் தீராமல் வேலிக்கு நட்ட பச்சைத் தடியான "கதியாலில்" துளிர்த்த பூவரசங் குருத்தையும் மேய்ந்தவள் ஒருத்தி இருந்தாள். சாணித் தண்ணீர் தெளித்தோம். ஒருநாள் முகத்தைச் சுளித்துவிட்டு மறுநாள் தின்றாள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினோம், பூனைகள்தான் வந்தன. வெறும் பால்மாத் தகரப் பேணிகளைக் கயிற்றில் கோத்துக் கட்டினால், அவை கிலுங்குவதைக் காது நிமிர்த்திக் கேட்டபடியே தின்றாள். கட்டிப்போட்டால் கயிறு மரத்தைச் சுற்றிக் கழுத்தை இறுக்க, அவள் கத்துவதைப் பொறுக்கமாட்டாமல் அப்பா ஓடிப்போய் அவிழ்த்துவிடுவார். "வாயில்லாச் சீவன்" என்பார். "எங்கடை பிள்ளையளுக்கு மட்டும் வாயிருந்தாப் போலை? இண்டைக்கு என்னத்தைக் காய்ச்சுறது?" என்று அம்மா மூளியாய் நின்ற கொடிகளைக் காட்டி அழுவார்.

ஆனாலும் அடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டி, "உதை வெட்டினா ரண்டு வீட்டுக்கும் காணும்" என்றபோது அம்மா சீறிவிட்டார். "உது தம்பியின்ரை. வந்து கேப்பான்."

எங்கள் ஊரில் வேலி பிரிக்கும் ஆட்டுக்கு ஒரு வைத்தியம் உண்டு. மூன்று தடிகளை முக்கோணமாகக் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அதன்பிறகு ஆடு வேலியின் ஓட்டையான எந்தப் "பொட்டுக்குள்ளாலும்" நுழைய முடியாது. தடி வேலியில் மாட்ட, ஆடு பின்வாங்கிவிடும். தோட்டத்து வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால்தான் புள்ளியும் போய்வந்தாள். அப்பா நல்ல தடியாகப் பார்த்து வெட்டி, கணுக்களைச் சீவி, கழுத்து நோகாதபடி தான் உடுத்த பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றி மாட்டிவிட்டார். புள்ளி பொட்டில் முட்டிப் பார்த்துவிட்டு வெறுமனே நின்றாள். கொடிகள் மறுபடி தளிர்த்தன. அம்மா பிஞ்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வீடு முழுக்க நிம்மதி.

ஆடு வேலிக்குள்ளால் நுழையும். மான் வேலிக்கு மேலால் பாயும். தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்த்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அதுவரை பொட்டு இருந்ததால் அவளுக்குப் பாயவேண்டி வரவில்லை, அவ்வளவுதான். ஒரு மத்தியானம், தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பிய அம்மா வீரிட்டுக் கத்தினார். நாங்கள் ஓடிப்போனபோது, தளிர்த்த கொடிகளுக்கு நேரே, கழுத்துத் தடி ஒரு கதியாலில் கொளுவியபடி புள்ளி வேலியில் தொங்கினாள். உடம்பு சூடாக இருந்தது. அப்பா அவளைத் தூக்கி இறக்கி, தடியை வெட்டி எறிந்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

அது இறைச்சியைக் கண்ணால் காணாத காலம். ஊரில் சிலர் சட்டி பானையோடு படலைக்கு வந்து நின்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், பசி பொல்லாதது. அப்பா ஒரு துண்டும் கொடுக்கவில்லை. வேலியோரமாகக் கிடங்கு வெட்டி, சாரத்தால் மூடித் தாட்டார். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தம்பி வந்து கேட்டா நான் என்னெண்டு சொல்லுவன்?"

அந்தப் பயம் அவரை விடவேயில்லை. படலை கிறீச்சிட்டால் திடுக்கிடுவார். பிறகு பாதை திறந்தது, லொறிகள் வந்தன, போன சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சித்தப்பா வரவில்லை. அங்கே கண்டோம், இங்கே கண்டோம் என்றார்கள். அப்பா போய்த் தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. கேட்டுக் கேட்டே அவரும் போய்விட்டார்.

இன்று அந்த வேலி இல்லை. ஆள் உயரத்துக்குச் சீமெந்து மதில். கதியாலும் இல்லை, பொட்டும் இல்லை, படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற். மதிலுக்குள் அம்மாவின் பயற்றங்கொடிகள் யாரும் கடிக்காத கொழுந்தோடு செழித்து நிற்கின்றன. போனமுறை நான் ஊருக்குப் போயிருந்தபோது கேற் சத்தம் கேட்டு, பயற்றங்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். மின்சாரப் பட்டியல் கொடுக்க வந்தவர். "இன்னும் பயமோ அம்மா?" என்று கேட்டேன்.

"பயமோ? என்ன பயம்" என்றார் அம்மா. "வரட்டும் பிள்ளை. வந்து என்னோடை சண்டை பிடிக்கட்டும். ஏன் மச்சாள் உவளைச் சாகவிட்டனீங்கள் எண்டு கேக்கட்டும். கேக்கிறதுக்கெண்டாலும் வரட்டும்."